தைராய்டும் கை நடுக்கமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எனக்குத் தைராய்டு இருக்கிறது. கை நடுங்குகிறது. என்ன மாத்திரை சாப்பிடலாம்? (அம்பத்தூர்)

தைராய்டு கூடுதலா, குறைவா? டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) எவ்வளவு? ரிப்போர்ட் இல்லாமல் மாத்திரைப் பெயர் கேட்டு எழுதாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது! குறைவுக்குத் தைராக்சின் சாப்பிடுபவர் என்றால், டோஸ் கூடினாலும் கை நடுங்கும்.

அப்பாவுக்கு வந்திருப்பது பார்கின்சனா, தைராய்டா? (மயிலாப்பூர்)

மடியில் சும்மா கிடக்கும் கை நடுங்கினால் பார்கின்சனைச் சந்தேகிக்க வேண்டும். நீட்டிப் பிடித்த விரல்கள் மெல்லியதாக, வேகமாக நடுங்கினால் தைராய்டைப் பாருங்கள். ஆஸ்துமா மருந்தாலும் நடுக்கம் வரும்.

மகளுக்கு 20 வயது, கிரேவ்ஸ் நோய் (தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய்). ஒரே வாரத்தில் நடுக்கம் நின்றதால் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டோம். இப்போது கையும் முகமும் தானாக நெளிகின்றன, தட்டு நழுவுகிறது. மந்திரிக்கச் சொல்கிறார்கள். (பெரம்பூர்)

மாதந்தோறும் இப்படி ஒரு கடிதம் வருகிறது. படிக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. நடுக்கத்தை நிறுத்தியது புரோப்ரனலால். அது இதயப் படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்கும், சுரப்பியைக் கட்டுப்படுத்தாது. அந்த வேலையைச் செய்வது கார்பிமசோல். சுரப்பியில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஹார்மோன் தீரவே சில வாரங்கள் ஆகும். நோயே அடங்கி, நிறுத்தியதும் திரும்பாமல் இருக்கத்தான் ஒன்றரை வருடம் வரை சாப்பிடச் சொல்கிறோம். நடுக்கம் நின்றால் நோய் நின்றது என்று பொருளல்ல. டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் நெளிவு கொரியா (chorea) என்ற அசைவுக் கோளாறாக இருக்கலாம். மிகை தைராய்டு உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகவே வரும். ஹார்மோன் அளவு இறங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் இந்த வயதில் வாதக் காய்ச்சல், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்), வில்சன் நோய் (உடலில் செம்பு சேரும் நோய்) ஆகியவை இல்லை என்றும் உறுதி செய்ய வேண்டும். மந்திரிப்பதில் ஒரு நாளையும் வீணாக்காதீர்கள். பழைய ரிப்போர்ட்டுகளோடு நாளைக்கே நரம்பியல் மருத்துவரையும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையும் பாருங்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இரு பிரிவுகளும் உள்ளன.

எனக்கு ஆஸ்துமா. புரோப்ரனலால் சாப்பிடலாமா? (தாம்பரம்)

கூடாது. மாற்று மருந்து கேளுங்கள்.

முடி கொட்டுவதற்குப் பயோட்டின் சாப்பிடுகிறேன். தொந்தரவு எதுவும் இல்லை. ரிப்போர்ட்டில் மட்டும் தைராய்டு கூடுதல் என்று வந்திருக்கிறது. (வேளச்சேரி)

பயோட்டின் சில லேப் கருவிகளில் பொய்யான அளவைக் காட்டும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி சோதியுங்கள்.

கார்பிமசோல் சாப்பிடுகிறேன். காய்ச்சல், தொண்டை வலி. பாராசிட்டமால் போதுமா? (குரோம்பேட்டை)

போதாது. வெள்ளை அணுக்கள் அபாயமாகக் குறைந்திருக்கலாம். இன்றே ரத்த அணுச் சோதனை செய்யுங்கள். முடிவு வரும்வரை கார்பிமசோல் வேண்டாம்.