தொப்பி போட்ட எழுத்துகள்

கேள்வி: எஸ்பெராண்டோ மொழியில் பேசி வீடியோ வெளியிடுகிறேன். காது கேளாதவர்களுக்காக வசன வரிகள் சேர்த்தால், சில எழுத்துகள் கேள்விக்குறியாகிவிடுகின்றன. என்ன செய்வது?
— ஒரு வாசகி

பதில்: 1887இல் அந்தச் செயற்கை மொழியை உருவாக்கி வெளியிட்ட ஸாமென்ஹோஃப், ஐந்து எழுத்துகளுக்குத் தொப்பியும் (^) ஒன்றுக்குப் பிறையும் (˘) சூட்டிவிட்டார். அவற்றால் வந்த தலைவலிதான் இது! வசன வரிகள் உள்ள எஸ்ஆர்டி கோப்பை, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியாக்க முறையில் சேமியுங்கள், தொப்பிகள் திரும்பிவிடும். தொப்பிக்குப் பதிலாக எக்ஸ் எழுத்தைச் சேர்க்கும் பழைய வழக்கம் வேண்டாம். படிப்பவர் கண் தடுக்கும்.

அதைவிட முக்கியம், சொல்லின் கடைசியில் வரும் 'ன்'. வேகமாகப் பேசும்போது எளிதில் நழுவிவிடும். 'லா ஹுண்டோ மோர்டிஸ் லா வீரோன்' என்றால் நாய் மனிதனைக் கடித்தது. அந்த 'ன்' வீரோவை விட்டு ஹுண்டோவில் ஒட்டிக்கொண்டால் மனிதன் நாயைக் கடித்துவிடுவான். நம் 'ஐ' உருபு செய்யும் அதே வேலை.

பேச்சை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். கதவு தட்டும் ஓசை, சிரிப்பு, திரைக்கு வெளியே பேசுபவர் யார் என்பதையும் எஸ்பெராண்டோவிலேயே அடைப்புக்குறிக்குள் கொடுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரி போதும்.