யாரிடமும் சொல்லாதீங்க என்று கெஞ்சும் மாணவன்

தம்பி, காரைக்குடிப் பக்கம் கேம்பஸ் பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, இரவு ரோந்தில் ஒரு முதலாண்டுப் பையன் சீனியர்களின் ராகிங் பற்றிச் சொல்லி அழுதான், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த வாக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி ராகிங் இரண்டாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். குற்றம் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் நிர்வாகம் போலீஸில் புகார் தர வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2009 விதி.

ஆனால் அவனுக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். யாரிடம் சொல்லப் போகிறீர்கள், ஏன் என்பதை அவனிடமே சொல்லுங்கள். அடிபட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. அப்புறம், அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

அறை மாற்றத்தை அன்று இரவே கேட்டு வாங்குங்கள். புகார் போன பிறகும் அதே அறையில் படுக்க விடுவது கொடுமை. வீடு தேவகோட்டை, திருப்பத்தூர் என்று பக்கத்தில் இருந்தால், அவன் சம்மதத்தோடு பெற்றோரை வரச் சொல்லுங்கள். விடுதிக் காப்பாளர் தட்டிக்கழித்தால் ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522, எந்நேரமும் அழைக்கலாம்.

உங்களை நம்பித்தான் வாய் திறந்திருக்கிறான். நாளை ரோந்திலும் அவனைப் போய்ப் பாருங்கள்.