மாத்திரையை நிறுத்தினால் மார்புக் கட்டி கரையுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறோம் டாக்டர். எனக்கு வயது 28. சின்னவன் தாய்ப்பால் மறந்தபின் இரண்டரை வருடமாகக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்பிடுகிறேன். போன மாதம் குளிக்கும்போது இடது மார்பில் கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஸ்கேன் எடுத்து, ஊசியால் கட்டியிலிருந்து திசு எடுத்துச் சோதித்து, "பைப்ரோஅடினோமா, புற்றில்லாத கட்டிதான், பயமில்லை, ஆறு மாதம் கழித்து வாங்க" என்றார்கள். மாமியாரோ, "அந்த மாத்திரைச் சூடுதான் திரண்டு நிற்கிறது, இன்றைக்கே நிறுத்து" என்கிறார். நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்த வேண்டாம் தங்கச்சி. இன்று ராத்திரி மாத்திரையையும் மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

மாமியார் சொல்வது புதிதல்ல. தோட்டத்தில் டிரெசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்) மருந்து கொடுத்த காலத்திலிருந்தே லயத்துக்கு லயம் இந்தச் சூட்டுப் பேச்சு உண்டு. கணக்கு என்னவோ நேர்மாறாக இருக்கிறது. 1968இல் பிரிட்டனில் இரண்டு பெரிய ஆய்வுகள் தொடங்கின. ஒன்றில் குடும்ப டாக்டர்கள் சுமார் 46,000 பெண்களைக் கவனித்தார்கள். பாதிப்பேர் மாத்திரை சாப்பிட்டவர்கள். ஆக்ஸ்போர்ட் ஆய்வில் 17,032 பேர். இரண்டிலுமே மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் புற்றில்லாத மார்புக் கட்டிகள் குறைவாக வந்தன. அதுவும் வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களிடம் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. நிறுத்திச் சில காலம் போனால் அந்தப் பலன் மங்கியது.

வீட்டுக்கு விலக்காகும் முன் மார்பு கனத்து வலிக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். மாதாமாதம் முட்டை வெளியாகும்போது ஹார்மோன் ஏறி இறங்குகிறது, மார்புத் திசுவும் கூடவே வீங்கி வடிகிறது. மாத்திரை முட்டை வெளியாவதையே தடுத்துவிடுவதால் இந்த ஏற்ற இறக்கம் அடங்குகிறது. கட்டிகள் குறைவதற்குச் சொல்லப்படும் விளக்கம் இதுதான்.

அதற்காக முழுப் பெருமையையும் மாத்திரைக்குக் கொடுத்துவிட முடியாது. அந்தக் காலத்தில் மார்பில் ஏற்கெனவே கட்டி இருந்தவர்களுக்கு மாத்திரை எழுத டாக்டர்கள் தயங்கினார்கள். கட்டி வரக்கூடியவர்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டால், மிச்சக் கூட்டத்தில் கட்டி குறைவாகத்தானே தெரியும்? அன்றைய மாத்திரையின் வீரியமும் இன்றையதைவிட அதிகம். ஆகவே கட்டிக்கு மருந்தாக யாரும் இதை ஆரம்பிக்க வேண்டாம். இருக்கிற கட்டியை மாத்திரை கரைக்காது. நிறுத்தினாலும் கரையாது.

அப்படியென்றால் எனக்கு மட்டும் ஏன் வந்தது என்பீர்கள். பைப்ரோஅடினோமா பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் வருவது. மாத்திரையைத் தொடாத பெண்களுக்கும் வருகிறது. குறைவாக வரும் என்றால் வரவே வராது என்று அர்த்தமில்லை.

மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: இந்தக் கட்டி பெரிதாவதற்கு நல்ல வாய்ப்புள்ள நேரம் கர்ப்ப காலம். அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பல மடங்கு ஏறும். கட்டிக்குப் பயந்து மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு தடுப்பு எதுவும் இல்லாமல், வயிற்றில் பிள்ளையோடும் வளர்ந்த கட்டியோடும் வந்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பிள்ளை வேண்டும் என்று நினைத்தால் அது வேறு பேச்சு. முதலில் ஒரு ஸ்கேன் எடுத்து அளவைக் குறித்துக்கொண்டு நிறுத்துங்கள்.

சரி, புற்றுநோய்? மறைக்க மாட்டேன், சிறிய ஆபத்து உண்டு. 2017இல் வெளியான டென்மார்க் ஆய்வில், சுமார் 7,690 பெண்கள் ஒரு வருடம் ஹார்மோன் தடுப்பு முறைகளைப் பயன்படுத்தினால் கூடுதலாக ஒருவருக்கு மார்புப் புற்று வருகிறது என்று தெரிந்தது. 35 வயதுக்குக் கீழ் இது இன்னும் குறைவு. ஆனால் சாதாரண பைப்ரோஅடினோமாவே பின்னால் புற்றாக மாறும் என்பது தேவையில்லாத பயம். கத்தி பட்டால் பரவும் என்பதும் அதே ரகம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியும் புற்றில்லாத மார்புக் கட்டி உள்ளவர்களுக்கு மாத்திரையில் எந்தத் தடையும் போடவில்லை.

ஆனால் ஊசிப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் படியுங்கள். அதில் 'அட்டிபியா' (செல்கள் இயல்புக்கு மாறாகத் தெரிவது) என்ற சொல் இருந்தால் நான் மேலே சொன்ன ஆறுதல் பொருந்தாது. மாத்திரை பற்றி சர்ஜனிடம் தனியாகப் பேச வேண்டும். அடுத்த ஸ்கேனுக்கு முன்பே கட்டி வேகமாக வளர்ந்தாலோ, மேல்தோல் ஆரஞ்சுத் தோல் போல் குழிந்தாலோ, காம்பு உள்ளே இழுத்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ ஆறு மாதம் காத்திருக்காதீர்கள்.

தினமும் கட்டியை அழுத்திப் பார்க்காதீர்கள், வலிதான் மிச்சம். மாதம் ஒரு முறை, விலக்கு முடிந்த சில நாளில், மூன்று விரல்களின் சதைப்பகுதியால் தட்டையாக வைத்துத் தடவினால் போதும். விளக்கெண்ணெய் ஒத்தடம் வேண்டாம் என்று நான் சண்டை பிடிக்க மாட்டேன். கட்டி கரைய வேண்டும் என்று அழுத்தித் தேய்க்காமல் இருந்தால் சரி.

மாத்திரை தருகிற கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்க்காமல் பட்டையை மட்டும் நீட்டினால், கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்த வைக்கும் காரணம் உங்களுக்கு என்றாவது வந்தால், அது இந்தக் கட்டியைவிட ரத்த அழுத்தத்திலிருந்து வரத்தான் வாய்ப்பு அதிகம்.