டெல்லிக் குளிரில் கறிவேப்பிலைக்குக் கதகதப்பு

கேள்வி: மொட்டை மாடியில் சின்ன பசுமைக்குடில் போட்டிருக்கிறேன். ஜனவரி இரவுகளில் கறிவேப்பிலை இலை உதிர்க்கிறது. ஹீட்டர் இல்லாமல் வழி உண்டா?
- வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: உண்டும்மா. தண்ணீர் டிரம் வையுங்கள். 200 லிட்டர் டிரம்முக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, நிரப்பி மூடி, தெற்கு வெயில் நேராக விழும்படி குடிலின் வடக்கு ஓரத்தில் நிறுத்துங்கள். பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெல்ல மெல்ல விடும். அந்தத் தண்ணீர் 5 டிகிரி ஆறினாலே, 1 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடிய வெப்பம் கிடைக்கும். செங்கல் அடுக்குவோரும் உண்டு. நான் தண்ணீர் கட்சி. எடைக்கு எடை அது செங்கல்லைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு சூட்டைப் பிடிக்கும்.

ஆனால் நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல். தளத்தின் நடுவில் வேண்டவே வேண்டாம். கீழே சுவரோ பீமோ ஓடும் இடமாக, கட்டடப் பொறியாளரிடம் கேட்டு வையுங்கள்.

பொழுது சாயும் முன்பே குடிலைச் சாத்திவிடுங்கள். ஷீட் இடுக்குகளையும் அடையுங்கள். மூடுபனி நாள்கணக்கில் நின்றால் டிரம் சூடேறாது. அந்த இரவுகளில் செடிமேல் பழைய போர்வை போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள்.