பொற்றாசியம் கால்வாய்க் குறைக்கு இளநீர் போதுமா?

கேள்வி: மகனுக்கு 16 வயது. பஸ் பிடிக்கத் திடீரென ஓடினாலோ திடுக்கிட்டாலோ ஒன்றிரண்டு நிமிடம் கால் தள்ளாடுகிறது, பேச்சுக் குழறுகிறது. மரபணுப் பரிசோதனையில் கே.சி.என்.ஏ.1 என்ற பொற்றாசியம் கால்வாயில் குறையாம். இரத்தப் பொற்றாசியம் 4.2. வாழைப்பழமும் செவ்விளநீரும் கொடுத்தால் சரியாகுமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: ஆகாது அம்மா. 4.2 இயல்பான அளவுதான் (3.5–5). பொற்றாசியத்துக்குப் பஞ்சமில்லை, அது கலத்தைவிட்டு வெளியேறும் வழியில்தான் பழுது. இதை எபிசோடிக் அட்டாக்சியா (விட்டுவிட்டு வரும் தள்ளாட்ட நோய்) முதலாம் வகை என்போம்.

உடலின் சமநிலையையும் அசைவையும் ஒழுங்குபடுத்துவது சிறுமூளை. அதன் பர்கின்ஜி என்ற நரம்புக் கலங்கள் எவரும் தூண்டாமலே செக்கனுக்கு 50 தடவை அளவில் மின்துடிப்பு விடுபவை. ஒவ்வொரு துடிப்பின் பின்னும் பொற்றாசியம் வெளியேறித்தான் கலம் அடுத்ததற்குத் தயாராகும். ஆனால் இந்தக் குறிப்பிட்ட கால்வாய் அதிகம் இருப்பது, பர்கின்ஜி கலத்தின் நரம்பிழை புறப்படும் இடத்தைச் சுற்றிப் பின்னியிருக்கும் கூடைக் கலங்களின் முனைகளில். அங்கே அது ஒரு பிரேக். பிரேக் தளர்ந்தால் காபா என்ற அடக்கும் இரசாயனம் மிதமிஞ்சிச் சுரக்கும். பர்கின்ஜி கலத்தின் துடிப்புக் குறைந்து ஒழுங்கு கெடும். கால் தள்ளாடுவது அதனால்தான்.

அடுத்த முறை வந்தால் போனில் வீடியோ எடுங்கள், எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். தாக்கம் இல்லாத நேரத்திலும் கண்ணிமை, விரல்களில் தசை நெளிகிறதா பாருங்கள். இந்த வகைக்கே உரிய அடையாளம் அது. மணிக்கணக்கில் நீடித்தால் இரண்டாம் வகையாக இருக்கலாம். அது கல்சியம் கால்வாய் நோய், வைத்தியத்திலும் சில வேறுபாடுகள் உண்டு.

நரம்பியல் நிபுணர் அசெற்றசோலமைட்டோ கார்பமசெப்பீனோ தரக்கூடும். எல்லோருக்கும் ஒரேயளவு பலன் கிடைப்பதில்லை. அசெற்றசோலமைட் விரல்களை விறுவிறுக்க வைக்கும், சிறுநீரகக் கல்லும் உண்டாக்கலாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சல்பா மருந்து ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இது இரத்தப் பொற்றாசியத்தைக் குறைக்கக்கூடியது, ஆகவே இடையிடையே பரிசோதிப்பார்கள். குறைந்தால் அப்போது வாழைப்பழம் உதவும்.

இணையத்தில் 4-அமினோபிரிடின் பற்றி வாசித்திருப்பீர்கள். அது பொற்றாசியம் கால்வாயை அடைக்கும் மருந்து, இரண்டாம் வகைக்குப் பயன்படுவது. ஏற்கெனவே பழுதான கால்வாயை மேலும் அடைப்பதில் அர்த்தமில்லை, வலிப்பும் வரலாம். இந்த நோயில் வலிப்புக்கான வாய்ப்பு ஏற்கெனவே சற்று அதிகம்.

தனியாகக் கடலில் குளிக்க விடாதீர்கள். ரயில் பாதையையும் காலி வீதியையும் (Galle Road) ஓடிக் கடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நினைவிழந்து வலிப்பு வந்தாலோ, ஒரு பக்கக் கை கால் மட்டும் சோர்ந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.