சேர்ந்து படித்தவள் பி2 எழுதப் போகிறாள், நான் இன்னும் ஏ2-வில்

கேள்வி: நான் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். ஜெர்மனி போகலாம் என்று 10 மாதத்துக்கு முன் ஆன்லைனில் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். வாரம் ஐந்து நாள், மாலையில் ஒன்றரை மணி நேரம். நைட் டியூட்டி விழும் வாரங்களில் பாதி வகுப்பு போய்விடும். ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறிக்கொண்டே போகும் நிலைகளில் இப்போதுதான் ஏ2 முடித்திருக்கிறேன். காலேஜில் என்னோடு படித்த தோழியும் அதே மாதம்தான் ஆரம்பித்தாள். வேலையை விட்டுவிட்டு சென்னையில் தங்கி, தினமும் காலையில் மூன்று மணி நேர வகுப்புக்குப் போனாள். அடுத்த மாதம் பி2 தேர்வு எழுதுகிறாள். வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்கு மார்க்கைப் போடுகிறார்கள். வீட்டில் அண்ணி வேறு, "அவ முடிச்சிட்டாளாமே" என்று கேட்கிறார். அவள் கான்வென்டில் படித்தவள், நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வகுப்பில் பேசச் சொன்னால் எனக்கு வாயே வருவதில்லை. எனக்கு மொழி வராதோ? மெதுவாகப் போகும் பேட்சுக்கு மாறிவிடட்டுமா, மேடம்?

பதில்: நீங்கள் மாதத்தை மாதத்தோடு ஒப்பிடுகிறீர்கள். மணி நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், கதை மாறிவிடும்.

உங்களுக்கு வாரம் ஏழரை மணி நேர வகுப்பு. நைட் டியூட்டியில் போனதைக் கழித்தால் சராசரி ஆறு என்று வைத்துக்கொள்வோம். 10 மாதத்தைத் தோராயமாக 40 வாரம் என்றால் 240 மணி நேரம். உங்கள் தோழிக்கு வாரம் 15 மணி நேரம். 40 வாரத்தில் 600. இனி, சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்று நமக்குப் பழக்கமான கோதே இன்ஸ்டிட்யூட் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அவர்கள் 45 நிமிடத்தை ஒரு பாடவேளையாகக் கணக்கிடுகிறார்கள். ஆரம்பத்திலிருந்து ஏ2 நிலையை எட்ட 200 முதல் 350 பாடவேளை, பி1-க்கு 350 முதல் 650, பி2-வுக்கு 600 முதல் 800 என்று தோராயமாகச் சொல்கிறார்கள். உங்கள் 240 மணி நேரம் என்பது 320 பாடவேளை. ஏ2-வில் இருக்கிறீர்கள். அவருடைய 600 மணி நேரம் 800 பாடவேளை. பி2-வில் இருக்கிறார். இரண்டு பேருமே அந்த வரம்புக்குள், அதிலும் மேல் பக்கத்தில் இருக்கிறீர்கள். அதாவது இருவரின் வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். அவருக்கு நேரம் கிடைத்தது, உங்களுக்குச் சம்பளம் கிடைத்தது.

பி1-க்குச் சொல்லியிருக்கும் எண்ணை இன்னொரு முறை பாருங்கள். ஒருவருக்கு 350 போதும், இன்னொருவருக்கு 650 வேண்டியிருக்கும். இருவருமே சாதாரண மாணவர்கள்தான். முன்பே வேறு மொழி கற்றவரா, வீட்டில் படிக்க இடம் இருக்கிறதா, தூக்கம் சரியாக இருக்கிறதா என்று எத்தனையோ விஷயம் இதில் கலந்திருக்கிறது. நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்து புது வார்த்தை மனப்பாடம் செய்தால் நிற்காது என்பது உங்களுக்கே தெரியும். படித்தது மனதில் பதிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வாரங்களில் புதிதாக எதையும் தொடாமல், முன்பு கேட்ட ஆடியோவையே மறுபடி கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

மொழி வராதோ என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் கேரல் என்பவர் இந்தத் திறனை அளக்கத் தேர்வே தயாரித்தவர். அது 1959-இல் வெளிவந்தது. அவர் பார்வையில் மொழித்திறன் என்பது, ஒருவர் கற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் தேவை என்பதைக் காட்டும் விஷயம். வரும், வராது என்ற தீர்ப்பு அதில் இல்லை. அதையும் ஒரே திறனாக அவர் பார்க்கவில்லை. ஒலிகளைப் பிடித்து நினைவில் வைப்பது, வாக்கியத்தில் எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று உணர்வது, மனப்பாடம் செய்வது, உதாரணங்களைப் பார்த்து விதியை ஊகிப்பது என்று பிரித்தார். ஒருவருக்கு ஒன்று கைகொடுக்கும், இன்னொருவருக்கு மற்றொன்று.

கான்வென்ட் விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கு ஜெர்மனில் ஆரம்பம் சுலபம் என்பது உண்மைதான். ஆர்ம், ஹான்ட், ஃபிங்கர், வாஸர் என்று பாதி வார்த்தை ஏற்கெனவே தெரிந்ததுபோல இருக்கும். நர்சிங்கை ஆங்கிலத்தில் படித்திருப்பதால் உங்களுக்கும் அந்த லாபம் கொஞ்சம் உண்டு. ஆனால் அந்த லாபம் அதிகம் தெரிவது ஏ1, ஏ2 வரைதான். பி1-இல் துணை வாக்கியங்கள் குவியும்போது ஆட்டம் மாறும். "எனக்கு நைட் டியூட்டி இருப்பதால்" என்று சொல்ல வேண்டும். ஜெர்மனில் "வைல் இஷ் நாஹ்ட்டீன்ஸ்ட் ஹாபெ." வினை கடைசியில் வருகிறது, நம் வாக்கியத்தில் "இருப்பதால்" கடைசியில் நிற்பதுபோல. ஆங்கிலத்திலேயே யோசித்துப் பழகியவர் "ஹாபெ"யை நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திருத்திக்கொண்டிருப்பார். உங்களுக்கு அது இயல்பாக விழும். அதேபோல ஷ்டட் என்றால் நகரம், ஷ்டாட் என்றால் அரசு. குறில் நெடில் சொல்லி வளர்ந்த காதுக்கு இது ஒரு விஷயமே இல்லை. மேஜை ஆண்பால், கதவு பெண்பால், ஜன்னல் இரண்டும் இல்லை என்ற கூத்து மட்டும் எல்லாருக்கும் பொதுவான தலைவலி. எந்த மீடியத்தில் படித்திருந்தாலும், பாலைக் காட்டப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் டெர், டீ, டாஸ் மனப்பாடம்தான்.

"மற்றவர்களோடு ஒப்பிடாதே, உன்னை உன்னோடு மட்டும் ஒப்பிடு" என்று யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நேற்றைய உங்களோடு ஒப்பிட்டாலும் கணக்கு தப்பலாம். கோதே தேர்வுகளுக்கான சொற்பட்டியல்களில் ஏ1-க்கு சுமார் 650 சொற்கள், ஏ2-வுக்கு 1,300, பி1-க்கு 2,400. முதல் நிலைக்கு 650 கற்றீர்கள், அடுத்ததற்கு இன்னொரு 650. இப்போது ஒரே படியில் 1,100 காத்திருக்கிறது. அதே உழைப்பைப் போட்டால் இந்த முறை அதிக மாதம் ஆகும். "முன்பு வேகமாகக் கற்றேன், இப்போது மந்தமாகிவிட்டேன்" என்று தோன்றத்தான் செய்யும். நீங்கள் மந்தமாகவில்லை, படி உயரமாகிவிட்டது.

அடுத்து, வாய் வராத பிரச்சினை. மொழி வகுப்புப் பதற்றத்தை அளக்க எலைன் ஹோர்விட்ஸும் இன்னும் இருவரும் 1986-இல் 33 வாசகங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். இன்றும் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். மற்ற மாணவர்கள் என்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள் என்றே எப்போதும் தோன்றுகிறது என்ற பொருளில் அதில் ஒரு வாசகம் இருக்கிறது. மற்றவர்களுக்கு மொழி என்னைவிட நன்றாக வருகிறது என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று இன்னொன்று. உங்கள் கடிதத்தில் இருக்கும் வரி, அங்கே ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. வகுப்பில் சரளமாகப் பேசுகிறவரும் உங்களைப் பார்த்து இதையே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

சரளத்தை வைத்து அடுத்தவரை எடை போடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பேச்சுதான் காதில் விழுகிறது. மற்ற மூன்றும் வெளியே தெரிவதில்லை. கோதே பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி, 60 எடுத்தால் தேர்ச்சி. வேகமாகப் பேசுகிறவர் 80 வார்த்தையில் ஒரு மெயில் எழுதச் சொன்னால் திணறுவதும், வகுப்பில் வாயே திறக்காதவர் எழுத்தில் முன்னால் நிற்பதும் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் யாருக்கும் புதிதில்லை. குரூப்பில் மார்க் போடுகிறவர்களும் நல்ல மார்க்கைத்தான் போடுவார்கள். 58 வாங்கியவர் அன்றைக்கு குரூப் பக்கமே வரமாட்டார்.

பேசும் தேர்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பி1-இல் அதைப் பெரும்பாலும் இருவராகத்தான் நடத்துகிறார்கள். சுமார் 15 நிமிடம். முதலில் இருவரும் சேர்ந்து ஏதாவது ஒன்றைத் திட்டமிட வேண்டும், ஆஸ்பத்திரியில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போவது போல. பிறகு ஆளுக்கொரு தலைப்பில் சின்னதாகப் பேசி, மற்றவர் பேசியதைப் பற்றிக் கருத்துச் சொல்லி, ஒரு கேள்வி கேட்க வேண்டும். உங்கள் ஜோடியாக மடமடவென்று பேசுகிறவர் வாய்க்கலாம். வாய்க்கட்டும். இரண்டு தேர்வாளர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் புள்ளி போடுகிறார்கள். அவர் நன்றாகப் பேசுவதால் உங்கள் புள்ளி குறையாது. உண்மையில் திட்டமிடும் பகுதியில் ஒருவரே பேசிக்கொண்டு போனால் அவருக்குத்தான் நஷ்டம். அங்கே பார்ப்பது நீங்கள் எதிராளியைக் கேட்டு, அவர் சொன்னதற்குப் பதில் சொல்கிறீர்களா என்பதை. "டாஸ் இஸ்ட் ஐனெ கூட்டெ இடே, ஆபர்..." என்று ஆரம்பித்து, நல்ல யோசனை, ஆனால் ஞாயிறு எனக்கு டியூட்டி என்று முடித்தால் அதுவே உரையாடல். வார்டில் நோயாளியின் உறவினர்களிடம் நீங்கள் தினமும் செய்கிற வேலைதான் இது.

சரி, ஒப்பிடவே கூடாதா? கூடும், ஒரு இடத்தில் அவசியமும்கூட. உங்கள் பேட்சில் உங்களைப் போலவே வேலைக்குப் போய்க்கொண்டு, ஏறக்குறைய அதே மணி நேரம் படிக்கிறவர்கள் ஆடியோவை இரண்டாவது தடவையில் பிடிக்கிறார்கள், நீங்கள் நான்காவது தடவையிலும் தடுமாறுகிறீர்கள் என்றால் அது கவனிக்க வேண்டிய தகவல். அப்போதும் "எத்தனை மார்க்" என்று கேட்காதீர்கள். "வீட்டில் தினமும் எதைக் கேட்கிறாய், எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாயா, பார்க்காமலா" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் பஸ்ஸில் வரும்போது எதையாவது கேட்டுக்கொண்டு வருகிறவராக இருப்பார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மொழி கற்கும் ஆப்பில் வரும் லீக், பாயின்ட் இவற்றை விட்டுத்தள்ளுங்கள். யார் அதிக நேரம் தட்டினார்கள் என்பதற்கு மேல் அது அதிகமாக எதையும் சொல்லாது.

உங்கள் முன்னேற்றத்தைப் பார்க்க ஒரு வழி: மாதம் ஒருமுறை, "இன்று டியூட்டியில் என்ன நடந்தது" என்று ஒரு நிமிடம் ஜெர்மனில் பேசி போனில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து வரிசையாகக் கேளுங்கள். எங்கே நின்று வார்த்தை தேடினீர்கள், "வைல்" வந்தபோது வினை கடைசிக்குப் போனதா என்ற இரண்டை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

அண்ணிக்கு என்ன பதில் சொல்வது? ஜெர்மனியில் நர்சாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். அந்தச் சான்றிதழில் புள்ளி இருக்கும், எத்தனை மாதத்தில் முடித்தீர்கள் என்று இருக்காது. அவ்வளவுதான் சொல்லுங்கள்.

பேட்ச் மாற வேண்டுமா என்றால், தோழிக்காக மாற வேண்டாம். நைட் டியூட்டி வாரத்தில் பாதி வகுப்பு போகிறதே, அதுதான் உங்கள் உண்மையான பிரச்சினை. அந்த வாரங்களில் வேறு நேர பேட்சில் உட்கார அனுமதிப்பார்களா, வகுப்பைப் பதிவு செய்து தருவார்களா என்று முதலில் கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் மாறுங்கள், ஆனால் மெதுவாகப் போகும் பேட்சுக்கு அல்ல. உங்கள் ஷிஃப்டுக்கு ஒத்துவரும் பேட்சுக்கு. பி1 எழுதும்போது நான்கு பகுதியையும் ஒரே நாளில் எழுதியாக வேண்டும் என்றும் இல்லை. கோதே தேர்வில் தனித்தனியாக எழுதலாம், தவறியதை மட்டும் திரும்ப எழுதலாம். இப்படிப் பிரித்து எழுதியதை ஏற்பார்களா என்று உங்களை அனுப்பும் ஏஜென்சியிடம் பணம் கட்டுவதற்கு முன் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.