மயில்துத்தப் பையைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: சேரன்மகாதேவிப் பக்கம் எனக்கு 30 சென்ட் மீன் குட்டை இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் சேர்த்து 600 மீன்கள். தலைக்குக் கால் கிலோ தேறும். தினமும் 8 கிலோ தீவனமும் வாரம் நான்கு கூடைச் சாணமும் போடுகிறேன். தண்ணீர் கரும்பச்சையாகிவிட்டது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. பாசியைக் கொல்லக் கடைக்காரர் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அத்தனை பாசியும் ஒரே நாளில் செத்து அழுகினால், அழுகல் மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் தின்றுவிடும். நாங்குநேரிப் பக்கம் ஒரு குட்டையில் நீலக் கட்டிகளைச் சாக்கில் கட்டி இழுத்தார்கள். மூன்றாம் நாள் விடியலில் கரை முழுக்கக் காக்கைகள். அதே கடையில் அடுத்து பிராணவாயு மாத்திரை விற்றார்கள்!

பாசிக்குச் சோறு போடுவது நீங்கள்தான். 600 மீன், 150 கிலோ எடை. அதில் நூற்றுக்கு இரண்டு என்றால் நாளுக்கு 3 கிலோ போதும். நீங்கள் 8 கிலோ கொட்டுகிறீர்கள். தின்ற தீவனத்தின் தழைச்சத்திலும் (நைட்ரஜன்) சுமார் கால் பங்குதான் சதையாகிறது. மற்றது கழிவாகத் தண்ணீருக்கே திரும்புகிறது. தீவன ஏஜென்ட் இதைச் சொல்லமாட்டார், அவருக்கு மூட்டைக் கணக்கு. தட்டில் வைத்துத் தண்ணீரில் இறக்குங்கள். ஒரு மணி நேரத்தில் மிச்சமிருந்தால் மறுநாள் குறையுங்கள். சாணத்தை இன்றே நிறுத்துங்கள்.

மீன் வாய் பிளக்கும் நாட்களில் தீவனமே வேண்டாம். இரவில் பாசியும் மூச்சு விட்டுப் பிராணவாயுவைத் தின்கிறது. எனவே நள்ளிரவு தாண்டியதும் மோட்டாரை ஓட்டித் தண்ணீரைச் சிதறி விழச் செய்யுங்கள். அந்நேரம் மும்முனை மின்சாரம் வருமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

குட்டைக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலையும் பாருங்கள். பிசானப் பருவ நெல் நடவில் மேல்வயலுக்கு அடியுரமாகப் போடும் டிஏபி உரத்தில் 46 விழுக்காடு மணிச்சத்து (பாஸ்பரஸ்). அதுவும் பாசிக்குச் சோறுதான். அந்த வயல் வடிகால் உங்கள் குட்டையில் விழுந்தால், கரையை உயர்த்தி வெளியே திருப்பிவிடுங்கள். தண்ணீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். முடிவு வருவதற்குள் மீனைப் பிடித்து விற்றிருப்பீர்கள். கையை முழங்கை வரை தண்ணீரில் விடுங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரி. அதற்கு முன்பே மறைந்தால் சத்து மிகுதி.

‘பாசி தின்னும் மீன்’ என்று புல்கெண்டைக் குஞ்சு விற்க வருகிறவரிடமும் ஏமாறாதீர்கள். அது செடி தின்னும். மாவாகக் கரைந்திருக்கும் இந்தப் பாசியை அல்ல.

ஒரு விதிவிலக்கு. திசையன்விளைத் தேரிச் செம்மணலில் புதிதாக வெட்டிப் பிளாஸ்டிக் விரித்த குட்டை என்றால் கதை வேறு. அங்கே அடியில் சேறில்லை, சத்தில்லை. தண்ணீர் கண்ணாடி போல நிற்கும், கட்லாவுக்கு இரையே இராது. அவர்கள் அளவாகச் சாணம் கரைத்து விடத்தான் வேண்டும், இளம்பச்சை வரும் வரை. வந்த பிறகும் கரைத்தால் அவர்களும் உங்களைப் போல எனக்கு எழுத வேண்டியிருக்கும். உங்களுடையது ஆற்றுப்பாசனத்துப் பழைய குட்டை. உங்களுக்கு இது பொருந்தாது.

மீன் பிடித்தபின், கோடையில் குட்டையைக் காயவிட்டுக் கருஞ்சேற்றைச் சுரண்டித் தென்னைக்குப் போடுங்கள். பல வருட மணிச்சத்து அதில்தான் படிந்திருக்கிறது.